மூடும் முன் சோதிப்போம்



தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் வட்டாரங்களில் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. சிலருக்கு மாடிக் குளியலறைக்கு நேர் கீழேயே கிடங்கு. ஆகவே வீட்டைப் புதுப்பிக்கும்போது குழாய் வேலையில் நேரும் தவறு நமக்கு வீட்டுத் தொல்லையோடு நிற்பதில்லை. முதலிலும் கை வைக்கிறது. ஓதம் கண்ட சர்க்கரை கட்டியாகும், வெல்லம் கசியும், பருப்பில் பூஞ்சணம் படரும். அந்தச் சரக்கை நம்பி வாங்குபவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் மாடிக் குளியலறையைப் புதுப்பித்தார். வேலை முடிந்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் கிடங்கின் மேற்கூரையில் ஈரம் படர்ந்தது. சுவரை உடைத்துப் பார்த்தால், வெந்நீர்க் குழாயில் ஓர் எல்போ சரியாக ஒட்டப்படவில்லை. பிளம்பரைக் கேட்டால், டைல்ஸ்காரர் தட்டியதில் விட்டிருக்கும் என்றார். டைல்ஸ்காரர், குழாய் போட்டது நானா என்றார். மேஸ்திரி இருவரையும் கை காட்டினார். மூவருக்கும் கூலி முழுவதும் முன்பே கொடுத்தாயிற்று. எல்போவின் விலை அற்பம். உடைத்த டைல்ஸும் கெட்ட சரக்குமே பெருநஷ்டம்.

இப்படி நேரும்போது பிளம்பரை மட்டும் ஏசுவது நியாயமாகாது என்பது நமது கருத்து. லாரியிலிருந்து இறங்கும் மூட்டையை எடை போடாமல் கையெழுத்திடும் வியாபாரி உண்டா? சேதாரம் யார் பொறுப்பு என்று பேசாமல் சரக்கு எடுப்போமா? கடையில் தவறாமல் கடைப்பிடிக்கும் இவ்விரண்டு வழக்கங்களையும் வீட்டு வேலை என்று வந்தவுடன் நாம் மறந்துவிடுகிறோம். கூலியில் பேரம் பேசுவது மட்டும் மறப்பதில்லை!

முதலில் எடை போடுவதைப் பார்ப்போம். குழாய்க்கு எடை போடுவது என்பது அழுத்தச் சோதனை. மேல்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு அடுத்த கீழ்த்தளத்தில் அதுவும் இராது. அந்தக் குறைந்த அழுத்தத்தில் கசியாத மூட்டு, பிறகு பிரஷர் மோட்டார் வைத்ததும் கசியும். எனவே ஒட்டிய பசை நன்றாகக் காய்ந்த பிறகு, கைப்பம்பும் அழுத்தமானியும் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முள் இறங்காமல் நின்றால்தான் பூச்சு வேலை. தரைக்கும் இதே நியாயம். தண்ணீர் போகும் வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் நீர் தேக்கி, கீழ்க்கூரையைப் பார்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டட்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லிட்டர். ஒரு குடத்துக்கு மேல்!

பொருளிலும் கவனம் வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் கீசர் வெந்நீரைத் தாங்காது, அதற்கு சி.பி.வி.சி. தேவை, ஒட்டும் பசையும் அதற்குரியதே. நெய் டின்னில் அக்மார்க் முத்திரை பார்ப்பதுபோல, சி.பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 15778 என்ற எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

பணநஷ்டத்தைவிடப் பெரியது உயிர். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றனர் மக்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படியிருப்பினும் நமக்குப் பாடம் உண்டு. துருப்பிடித்த பழைய இணைப்புக் குழாய் சாக்கடையை ஒட்டிச் செல்லும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகும். அதில் நேரடியாக மோட்டாரும் போட்டால் ஓட்டை வழியே சாக்கடை நீரை உறிஞ்சும். வீட்டுக்குள் பளிங்கு பதித்துவிட்டு வாசலில் இந்தப் பழங்குழாயை அப்படியே விடுவது புதுப்பித்தல் ஆகாது.

செப்டிக் டேங்க் நீரை உறிஞ்சும் குழியும் அவ்வாறே. கிணற்றிலிருந்து அது 18 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்பது ஏறத்தாழ 60 அடி. 40க்கு 60 என்ற ஒரு கிரவுண்டு மனையின் முழு நீளமே அவ்வளவுதான். அரை கிரவுண்டுக்காரர் கேட்கவே வேண்டாம். இடமில்லாதவர்கள் தங்கள் கிணற்று நீரையும் போர் நீரையும் குடிக்காமல், மற்ற உபயோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நலம்.

இனி சேதாரக் கணக்கு. வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன குழாய், எந்த வழி, சோதனை எப்போது, கசிந்தால் டைல்ஸ் செலவு யாருடையது, எத்தனை மாதப் பொறுப்பு. கூலியில் ஒரு பங்கை நீர் தேக்கிப் பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள்; சோதனை தேறினால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நமக்கு வரவேண்டிய பாக்கி இழுபட்டால் நாம் படும் பாடு தெரியாததா? மூடும் முன் குழாய் போகும் வழியை அளவோடு படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு அலமாரிக்கு ஆணி அடிப்பவர் குழாயில் அடிக்காமல் இருப்பார்.

அதன் பின்னும் தவறு வந்தால், போட்டவரையே அழைத்துச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மறுத்தால், கூலி வாங்கிச் செய்த வேலையின் குறைக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஆனால் அங்கே பேசுவது ரசீதும் எழுத்தும்தான்; நமது வாய்ச்சொல் அல்ல.

நல்ல பிளம்பர் சோதனைக்கு அஞ்சமாட்டார். தராசைக் கண்டு அஞ்சுகிறவரிடம் நாம் சரக்கு வாங்குவதில்லை. சோதனைக்கு அஞ்சுகிறவரிடம் வீட்டையும் ஒப்படைக்க வேண்டாம்.