ஸ்ட்ராபெரிக் கன்றின் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள்

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் ஸ்ட்ராபெரி பயிரிடும் சிறு விவசாயிகளுக்குக் கன்று வாங்கும் செலவே பெரும் சுமை. தொலைவிலிருந்து வரும் கன்றுகள் வழியிலேயே வாடுகின்றன. நட்டபின் சில அழுகுகின்றன. சில பிழைத்தும் வளராமல் நிற்கின்றன. ஆண்டுதோறும் இப்படிக் கைக்காசை இழக்க வேண்டியதில்லை. நல்ல தாய்ச்செடிகள் பதினைந்தை மட்டும் வாங்கி வீட்டுக் கொல்லையில் வளர்த்தால், ஒரு சென்டுக்கு வேண்டிய கன்றுகளை வீட்டிலேயே எடுக்கலாம். அதற்கு நடவில் கவனம் வேண்டும். முதலில் வரும் பூவைக் கிள்ளியெறியும் மன உறுதியும் வேண்டும்.

விதையை நம்ப வேண்டாம்

நாம் பயிரிடும் ஸ்ட்ராபெரி இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்த கலப்பினம். 1714-ஆம் ஆண்டு பிரேசியே என்ற பிரெஞ்சு அதிகாரி தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரும்பழச் செடிகள் சிலவற்றைப் பிரான்சுக்குக் கொண்டு வந்தார். பெண் பூக்களே பூத்த அச்செடிகள் தனியே நின்றபோது காய்க்கவில்லை. வட அமெரிக்க ஸ்ட்ராபெரி அருகில் இருந்த இடங்களில் காய்த்தன. அந்தக் கலப்பில் தோன்றியதே இன்றைய ஸ்ட்ராபெரி என்பதை 1766-இல் துஷேன் என்ற தாவர அறிஞர் எடுத்துக் காட்டினார்.

நீலகிரிக்கும் சொந்தமான காட்டு ஸ்ட்ராபெரி ஒன்று உண்டு. அதன் அறிவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. ஆனால் சந்தைக்கு வரும் பெரிய சிவந்த பழம் கலப்பினத்தின் பழமே. சாண்ட்லர், கமரோசா, ஸ்வீட் சார்லி, வின்டர் டான் எல்லாம் இவ்வினத்து ரகங்கள்தாம்.

கலப்பினமானதால், பழத்தின் மேல் எள்போல் ஒட்டியிருக்கும் விதைகளை எடுத்து முளைக்க வைத்தால் தாயைப் போன்ற செடி கிடைக்காது. ஒவ்வொன்றும் ஒரு குணத்தோடு வளரும். தாயின் குணம் மாறாமல் வருவது ஓடுதண்டில் பிறக்கும் கன்றில் மட்டுமே. பகல் நீண்டு வெப்பம் கூடும் மாதங்களில் தாய்ச்செடி கொடிபோல் ஓடுதண்டுகளை விடும். அதன் கணுக்களில் பிறக்கும் கன்றுகளே நமக்கு வேண்டியவை.

நிலத் தேர்வு

மலை விவசாயிகள் அடிக்கடி செய்யும் தவறு, உருளைக்கிழங்கு எடுத்த நிலத்திலேயே ஸ்ட்ராபெரியை நடுவது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் வெர்ட்டிசிலியம் வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். அதுவே ஸ்ட்ராபெரியையும் வாட்டும். இப்பயிர்கள் மூன்று ஆண்டுகளாவது நிற்காத இடமாகப் பார்ப்பது நல்லது. புதிதாகப் புல்தரையை வெட்டிய நிலமானால் வெண்புழு இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும்.

மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நலம். மலை மண் பல இடங்களில் இதைவிடப் புளிப்பானது. மண் பரிசோதனை செய்து, அதன்படியே சுண்ணாம்பு இட வேண்டும். கண் மதிப்பில் அள்ளிப் போடக்கூடாது. சென்டுக்கு 100 கிலோ நன்கு மக்கிய தொழு உரம் போதுமானது. மக்காத சாணம் வேரைச் சுடும். வெண்புழுவையும் கொண்டு வரும்.

ஒரு மீட்டர் அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள மேட்டுப்பாத்தி அமைத்து, 30 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசையாக நடலாம். நடைபாதை போக ஒரு சென்டில் சுமார் 250 கன்றுகள் கொள்ளும்.

விரலளவில் இருக்கிறது உயிர்

ஸ்ட்ராபெரிக் கன்றின் இலைக்காம்புகளும் வேர்களும் சேருமிடத்தில் கட்டையான ஒரு தண்டு இருக்கும். அதன் உச்சியில்தான் குருத்து உள்ளது. குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும். மேலே தூக்கி நின்றால் வேர் காய்ந்துவிடும். எனவே கட்டைத்தண்டின் பாதி மண்ணிலும், குருத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலேயும் இருக்குமாறு நடவேண்டும். வேர் மிக நீளமாயிருந்தால் 10 செ.மீ. அளவுக்கு நறுக்கி, மடங்காமல் நேராக இறக்கி, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்த வேண்டும். நீர் பாய்ச்சியபின் மண் இறங்கும். அப்போது ஒவ்வொரு கன்றையும் மறுபடி பார்த்துச் சரி செய்வது அவசியம்.

மாலையிலோ மேகமூட்டமான நாளிலோ நடுவது நன்று. வேர்களில் பெரும்பகுதி மேலே 15 செ.மீ. மண்ணிலேயே இருப்பதால், முதல் பத்து நாட்கள் தினமும் காலையில் சிறிதளவு நீர் வேண்டும். நீர் தேங்கவும் கூடாது. இலைமேல் மாலையில் நீர் தெளித்தால் பூசண நோய்க்கு இடம் கொடுத்ததாகும்.

பூவைக் கிள்ளுவது நட்டமா?

கன்று வேர் பிடித்த சில வாரங்களிலேயே பூ வரலாம். வெள்ளைப் பூவைக் கண்டதும் வீட்டார் மனம் குளிரும். கிள்ளச் சொன்னால் கை வராது. 'வருகிற வருமானத்தைக் கிள்ளுவதா?' என்று கேட்பதும் நியாயமே. ஆனால் மூன்று இலைகள் மட்டும் உள்ள கன்று வேரையும் வளர்த்துப் பழத்தையும் வளர்க்க முடியாது. அந்த முதல் பழமும் சிறுத்தே வரும். அதற்குப்பின் செடியும் குன்றி நிற்கும். நட்டதிலிருந்து ஐந்து, ஆறு புதிய இலைகள் விரியும் வரை பூவையும் ஓடுதண்டையும் கிள்ளிவிட்டால், பிறகு வரும் பூங்கொத்துகளைத் தாங்கும் வலு செடிக்கு உண்டாகும். நடும்போதே கட்டைத்தண்டு தடித்து, இலைகள் நிறைந்த கன்றானால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

பழம் எடுக்கும் பாத்தியில் செடி நிலைத்தபின்னும் ஓடுதண்டுகளை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். தாய்ப்பாத்தியில் இதற்கு நேர்மாறு. அங்கு எல்லாப் பூவையும் கிள்ளி, ஓடுதண்டுகளை மட்டும் விட வேண்டும். ஒரே செடியிடம் பழமும் கன்றும் கேட்பவர் இரண்டிலும் ஏமாறுகிறார்.

தாய்ப்பாத்தியைப் பழப்பாத்தியிலிருந்து தள்ளி அமைப்பது நலம். தாய்க்கு அருகில் பிறக்கும் முதல் கன்றுகளே வலுவானவை. மண் நிரப்பிய சிறு பைகளை வைத்துக் கணுவை அதில் பதித்தால் விரைவில் வேர் பிடிக்கும். மூன்று, நான்கு இலைகள் வந்தபின் தண்டை வெட்டிப் பிரிக்கலாம். நன்கு பேணிய தாய்ச்செடி ஒன்று 15 முதல் 20 கன்றுகள் தரும். ஆகவே பதினைந்து தாய்ச்செடிகளே ஒரு சென்டுக்குப் போதும். நச்சுயிரி நோய் தாயிடமிருந்து கன்றுக்கும் தொடரும் என்பதால், இலை சுருங்கியோ மஞ்சள் பாய்ந்தோ உள்ள செடியில் கன்று எடுக்கக்கூடாது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நம்பகமான இடத்திலிருந்து புதிய தாய்ச்செடி வாங்குவதும் தவிர்க்க முடியாத செலவு.

காய்க்கத் தொடங்கியபின் பாத்தியில் வைக்கோல் பரப்பினால் பழம் மண்ணில் படாது. சாம்பல்நிறப் பூசணமும் குறையும். உறைபனி விழும் இரவுகளில் மூடாக்கு இட வேண்டும். பனியில் கருகிய பூவின் நடுப்பகுதி கறுத்துவிடும், அது காயாகாது.

சமவெளி விவசாயிகளுக்கு ஒரு சொல். இந்த ரகங்கள் பூ மொட்டு வைக்கக் குளிர்ந்த சூழல் தேவை. குளிர் மாதங்களில் தொட்டியில் காய்ப்பதைக் கண்டு, கோடையையும் தாங்கும் என்று நம்பிக் கடன் வாங்கி நடுவது வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பத்துத் தொட்டிகளோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

மலை விவசாயிக்கோ இது வருமானம் தரக்கூடிய பயிர். முதல் ஆண்டு ஒரு சென்டில் மட்டும் செய்து பார்த்து, தம் கையால் எடுத்த கன்றுகள் எத்தனை பிழைத்தன என்று எண்ணியபின் பரப்பைக் கூட்டலாம்.