டீம் தோத்தா உதவி கோச்சைத் தூக்கணுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய கதை. லைனில் ரிஜெக்‌ஷன் குறைந்தால் பாராட்டு பிளான்ட் ஹெட்டுக்கு. கூடினால் மெமோ ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு.

கல்லூரி கால்பந்திலும் அந்த சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார்: உதவி கோச். பல கல்லூரிகளில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உடற்கல்வி இயக்குநர் ஒருவர்தான். கால்பந்துக்காக மாலையில் வந்து போகிறவர் பகுதிநேர ஆள், பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். டீம் முதல் சுற்றிலேயே வெளியேறினால் அடுத்த வருஷம் அவருக்கு போன் வராது.

ஸ்கோரை மட்டும் பார்த்து அவரை எடைபோடலாமா? கூடாது என்பேன்.

ஐ.எஸ்.எல்.லில் இருந்து ரெண்டு பேரை எடுத்துக்குவோம். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியின் தலைமை கோச் ஜெரார்ட் நூஸ் விலக, உதவியாளராக இருந்த காலித் ஜமீல் பொறுப்பேற்றார். மீதி லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட தோற்காமல் அணி அரையிறுதிக்குப் போனது. அதே ஆண்டு அவர் நிரந்தர தலைமை கோச் ஆனார். 2025-ல் இந்திய அணியின் கோச்.

இன்னொருவர் நம்ம ஊர் சையத் சபீர் பாஷா. 2017-18 சீசனில் சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்றபோது ஜான் கிரகரியின் உதவி கோச். 2022 பிப்ரவரியில் இடைக்கால தலைமை கோச் ஆனபோது கடைசி சில ஆட்டங்களின் முடிவுகள் கைகொடுக்கவில்லை. அதனால் அவர் மோசமான உதவி கோச் என்று ஆகிவிடுமா? ரெண்டும் வேற வேற வேலைங்க. பதினொரு பேரைத் தேர்வு செய்வது ஒரு திறமை. தேர்வாகாத பையனை மறுநாள் காலை மைதானத்துக்கு வரவைப்பது இன்னொன்று.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (அது வேறு ஆட்டம், கையில் பந்தோடு ஓடுவது) இதைப் புரிந்துவைத்திருக்கிறது. சிறந்த உதவி கோச்சுக்கென்றே 1996 முதல் பிராய்ல்ஸ் விருது கொடுக்கிறார்கள். அங்கே ஒருவருக்கு டிஃபென்ஸ், ஒருவருக்கு அட்டாக் என்று பொறுப்பு பிரிந்திருப்பதால் யார் என்ன செய்தார் என்று சொல்ல முடிகிறது. நம் கல்லூரிகளில் உதவி கோச்சுக்கு கோன் அடுக்குவது, பஸ் ஏற்பாடு பண்ணுவது, ஜெர்சி எண்ணுவது என எல்லா வேலையும் உண்டு, சொந்தமாக ஒரு பொறுப்பும் கிடையாது. அப்புறம் எதை வைத்து அளப்பது?

முதலில் ஒன்றை அவர் கையில் கொடுங்கள்: கோல்கீப்பர்களோ, கார்னர்-ஃப்ரீ கிக்கோ, முதலாம் ஆண்டு மாணவர்களோ. அதை மட்டும் ரெண்டு சீசன் பாருங்கள். கார்னரில் வாங்கும் கோல் குறைந்ததா? முதலாம் ஆண்டில் பெஞ்சில் இருந்தவர் மூன்றாம் ஆண்டில் ஆடுகிறாரா? செமஸ்டர் தேர்வு முடிந்ததும் எத்தனை பேர் பயிற்சிக்குத் திரும்பினார்கள்? லைசென்ஸ் முக்கியம்தான். ஆனால் அது அவர் என்ன படித்தார் என்று சொல்லும், பொன்னேரி ரயிலைப் பிடித்து வரும் பையனுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று சொல்லாது.

நிர்வாகம் முடிவெடுக்கும் முன் வீரர்களிடம் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: 'போன வருஷம் உனக்கு வராத எது இப்போ வருது, யார் சொல்லிக்கொடுத்தாங்க?' ஆட்டமே கிடைக்காத பையன்களின் சீட்டை முதலில் பிரிக்க வேண்டும்.