மழையிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

மாணவர்களே, 2020 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்ட நாள்களைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். ரவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. அத்தனைக்கும் காரணம் ஒரு சிற்றாற்றில் கலந்த கழிவுதான்.

கலந்தது சயனைடாக இருந்தால்? இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. பகாங்கில், ரவூப் அருகே உள்ள புக்கிட் கோமானில் 2009இல் சயனைடு கொண்டு தங்கம் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. அதை எதிர்த்துக் கிராம மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள்.

அந்த ஆலையில் தங்கத்தைத் தொட்டிகளில் பிரித்தார்கள். இதைவிடச் செலவு குறைந்த முறை ஒன்று உண்டு. உடைத்த பாறையைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் குன்றாகக் குவித்து, நீர்த்த சயனைடு கரைசலைச் சொட்டச் சொட்ட விடுவார்கள். அது தங்கத்தைக் கரைத்துக்கொண்டு குட்டைக்கு வடியும். கரைசலின் காரத்தன்மை குறைந்தால் நச்சு வாயு கிளம்பும். விரிப்பு கிழிந்தால் நிலத்தடி நீர் கெடும். குட்டை நிரம்பி வழிந்தால் ஆறு கெடும்.

குன்றுக்கும் குட்டைக்கும் கூரை கிடையாது. நம் ஊர் மழையோ உங்களுக்குத் தெரிந்ததுதான்!

அமெரிக்காவின் கொலராடோவில் சம்மிட்வில் சுரங்கம் இதே முறையில் 1986இல் தொடங்கியது. விரிப்பு சீக்கிரமே கசிந்தது. பனி உருகிய நீர் குட்டையை நிரப்பியது. 1992 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. சயனைடும் உலோகங்களும் அமில நீரும் கலந்த அலமோசா ஆற்றில் சுமார் 27 கிலோமீட்டருக்கு மீன்கள் அழிந்தன. சுத்தம் செய்யும் செலவு அரசின் தலையில் விழுந்தது.

எனவே என் கருத்து இதுதான்: குடிநீர் எடுக்கும் ஆற்றுக்கு மேற்பகுதியில் இந்த முறையை அனுமதிக்கவே கூடாது. மற்ற இடங்களில் அனுமதி தருவதற்கு முன்பே இரட்டை விரிப்பு, கசிவு காட்டும் கருவி, பெருமழையையும் தாங்கும் குட்டை, சுத்தம் செய்வதற்கான வைப்புத்தொகை ஆகிய நான்கும் உறுதியாக வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடப்படும் ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக்கூடாது என்கிறது நம் நாட்டு விதி. நல்ல விதிதான். ஆனால் அளவீடுகளை மக்களும் பார்க்க முடிந்தால்தான் அது காவலாகும்.

பகாங் தூரத்தில் இருப்பதாக நினைக்காதீர்கள். அங்குள்ள செமந்தான் ஆற்று நீர் 44.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாகச் சிலாங்கூருக்கு வருகிறது. நம் வீட்டுக் குழாய் அங்கேயே தொடங்கிவிடுகிறது.