வெயிலில் வேகும் கார்கள், வீணாகும் மின்சாரம்

மாணவர்களே, நண்பகலில் அரசாங்க மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருக்கிறீர்களா? சென்ற மாதம் என் அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து கார்க் கதவைத் திறந்தால், அடுப்புக்குள் முகத்தை நீட்டியது போல் அனல் அடித்தது. அம்மா குடையோடு வெளியே நின்றார். நான் இயந்திரத்தை முடுக்கி, குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பெட்ரோல் வீணாக எரிந்தது.

அப்போது ஓர் எண்ணம் தோன்றியது. வெளியே சூரிய ஆற்றல் தார்த்தரையைச் சுடுவதோடு முடிந்துவிடுகிறது. உள்ளேயோ குளிர்சாதனங்கள் ஓடுகின்றன. அவற்றுக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்துப் பெறப்படுகிறது. இந்த இரண்டையும் ஏன் இணைக்கக்கூடாது? அரசாங்க மருத்துவமனை, அலுவலகம், பள்ளி ஆகியவற்றின் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடங்களுக்குச் சூரியத் தகடுகளால் கூரை போட வேண்டும் என்பது என் கருத்து.

வெறும் ஆசை என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார் நிற்கும் இடம் ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது; பரப்பளவு 12.5 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் சூரிய ஆற்றல் கிடைக்கும். அதில் 20 விழுக்காட்டைத் தகடு மின்சாரமாக மாற்றினால் 2,500 வாட். இழப்புகளைக் கழித்து 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலைச் சேர்த்தால், நம் நாட்டில் அது நாளுக்கு ஏறக்குறைய 4 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். ஆக, ஓரிடத்திலிருந்து நாளொன்றுக்கு 8 கிலோவாட் மணி. ஒரு மின்சாரக் கார் இதைக் கொண்டு சுமார் 50 கிலோமீட்டர் ஓடும். 100 இடங்கள் இருந்தால் 800 கிலோவாட் மணி!

இன்னொரு நன்மையும் உண்டு. சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்கும், வெப்பம் பிடிக்காது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கன் தகட்டின் மின் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது. கார் நிறுத்துமிடக் கூரையின் அடியில் காற்று தாராளமாக வீசுவதால், வீட்டுக் கூரையோடு ஒட்டிய தகட்டைவிட இது எளிதில் குளிரும். மேலும், அலுவலகங்களுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவதும் பகலில்தான். உற்பத்தியாகும் இடத்திலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

"செலவு அதிகமாகுமே, ஆசிரியர்?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கட்டடக் கூரையில் தகடு பொருத்துவதைவிட இதற்குச் செலவு கூடுதல். உயரமான எஃகுத் தூண்களும் புயல் காற்றைத் தாங்கும் அடித்தளமும் தேவை. ஆகவே, கட்டடக் கூரை காலியாக இருந்தால் முதலில் அங்கே பொருத்தட்டும். நிழல் தரும் மரங்களை வெட்டிவிட்டுத் தகடு வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால், மரமே இல்லாத தார்த்தரைக்கு இந்தக் கூரை ஒரே செலவில் நிழலையும் மின்சாரத்தையும் தருகிறது. இதற்காகக் காட்டையோ தோட்டத்தையோ அழிக்கவும் வேண்டியதில்லை.

பிரான்ஸ் 2023-இல் சட்டமே இயற்றிவிட்டது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளிக் கார் நிறுத்துமிடங்களில் குறைந்தது பாதிப் பரப்பைச் சூரியத் தகடுகள் மூட வேண்டும் என்றது அச்சட்டம். அவர்களைவிட நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்க மலேசியா இலக்கு வைத்துள்ளது. அரசாங்க இடங்களின் மின்கட்டணம் மக்களின் வரிப்பணத்தில்தான் கட்டப்படுகிறது. எனவே, முதல் அடியை அவையே எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பள்ளியில் வெயில் படும் கார் நிறுத்துமிடங்களை எண்ணுங்கள், எட்டால் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணை உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் காட்டுங்கள். நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு கடிதம் எழுதலாம். 2050-இல் மின்கட்டணம் கட்டப்போவது நீங்கள்தானே!