கடையின் வாயை வாடகைக்கு விடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

"டீச்சர், கடைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிடம் கொடுக்கலாமா? மாதப் பேக்கேஜ் பேசுகிறார்கள்." மிட்டாய்க் கடை, ஜவுளிக் கடை, தையல் யூனிட், மசாலாப் பொடி என்று தொழில் நடத்தும் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டுவிட்டீர்கள். போன வாரம் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே கேள்வி. ஒவ்வொருவருக்காகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

என் பதில்: மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். படம் எடுக்க, வீடியோ வெட்ட, விளம்பரம் ஓட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் பேசும் வாயையும், பக்கத்தின் சாவியையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் நற்பெயர் என்று ஒரு பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? புலனாகாச் சொத்து. சராசரி இலாப முறை, உயர் இலாப முறை என்று கணக்குப் போட்டு மார்க் வாங்கினீர்கள். கட்டடம், மெஷின், சரக்கு எல்லாவற்றுக்கும் மேலே, "அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும்" என்று ஒருவரை நடந்து வரவைக்கிற விஷயத்துக்குப் பெயர்தான் நற்பெயர். சின்னக் கடைக்குப் பல நேரம் இருக்கிற ஒரே பெரிய சொத்து அதுதான். அதைத்தான் மாதம் இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ் என்று எண்ணிக்கைக்கு ஒப்படைக்கிறீர்கள்.

நம் ஊர் கோவில்பட்டிக் கதையையே எடுத்துக்கொள்வோம். என் பழைய மாணவன் ஒருவனின் கடலை மிட்டாய்க் கடைப் பக்கத்தைப் பார்த்தேன். நடத்துவது வெளியூர் ஏஜென்சி. உலக சாக்லேட் தினத்துக்கு வாழ்த்து போட்டிருக்கிறார்கள். கடலை மிட்டாய்க் கடை எதற்கப்பா சாக்லேட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும்? அதே டிசைனில் கடைப் பெயரை மட்டும் மாற்றி டயர் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் போட்டிருப்பார்கள். அடுத்த படத்தில் இருந்தது நம் ஊர் மிட்டாயே இல்லை. வடநாட்டுச் சிக்கி. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "போன தடவை வாங்கினதைவிட நிறம் கறுப்பா இருக்கே, பாகு முறிஞ்சு போச்சா?" அதற்குப் பதில்: "நன்றி! இன்பாக்ஸில் தொடர்பு கொள்ளவும்" என்று மூன்று பூங்கொத்துப் படங்களோடு. கடைக்காரன் கண்ணில் அந்தக் கேள்வி பட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. "இந்தத் தடவை வந்த வெல்லம் கறுப்பும்மா, ருசியில் குறை இருக்காது, இருந்தால் திருப்பிக் கொடுங்க" என்று எழுதியிருப்பான். அந்த அம்மா மட்டுமில்லை, அதைப் படிக்கிற இன்னும் பத்துப் பேர் அவனை நம்பியிருப்பார்கள். பாகுப் பதம் அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்குத்தானே தெரியும்? ஏசி அறையில் ஒரே நேரத்தில் பல கடைகளின் பக்கத்தைப் பார்க்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் வேலை அப்படி.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் 12,000 ரூபாய் பேக்கேஜ் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி 2,160 சேர்த்தால் 14,160. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைக்கு அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. செலவுதான். கிலோவுக்கு 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், இந்தச் செலவை எடுக்க மட்டும் மாதம் 354 கிலோ கூடுதலாக விற்க வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 12 கிலோ. விளம்பரத்துக்குக் கட்டும் பணம் இதில் சேரவில்லை, அது தனி. மாதக் கடைசியில் அவர்கள் என்ன கொடுக்கிறார்கள்? "ரீச் இவ்வளவு, லைக் இவ்வளவு" என்று கலர் கலராக ஓர் அறிக்கை. ரீச்சை இலாப நட்டக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவாய், சொல்லு பார்ப்போம்? எத்தனை ஆர்டர் வந்தது, எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

பணம் போனால்கூடச் சம்பாதிக்கலாம். சட்டச் சிக்கல் வந்தால் யார் நிற்பது? உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இல் 53ஆம் பிரிவு இருக்கிறது. உணவைப் பற்றித் தவறாகச் சொல்கிற விளம்பரத்தை வெளியிட்டவருக்கும் அதில் பங்குள்ளவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். "சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று ஏஜென்சிப் பையன் ஆசையில் ஒரு வரி எழுதினால், மாட்டுவது கடைப் பெயர். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்தான் அதைத் தன் சரக்குக்குப் பயன்படுத்தலாம். பதிவு செய்யாத கடையின் போஸ்டரில் அதைப் போட்டால் யாரைக் கேட்பார்கள்? சினிமாப் பாட்டு போட்டு ரீல்ஸ் செய்வதும் இப்படித்தான். வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமை வாங்க வேண்டும். டிசைன் செய்தவன் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போயிருப்பான். போர்டில் இருக்கிற பெயர் உன் அப்பாவுடையது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் சாவி விஷயத்தில். பக்கத்தை ஏஜென்சி தன் பிசினஸ் கணக்கின் கீழ் தொடங்கினால், உரிமை அவர்கள் கையில். விளம்பரக் கணக்கு அவர்களுடையதாக இருந்தால், எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது, யார் பார்த்தார்கள் என்ற வரலாறு முழுக்க அவர்களிடமே நின்றுவிடும். நம் மாணவி ஒருத்தி, தையல் யூனிட் வைத்திருக்கிறாள். ஏஜென்சியோடு சம்பளத் தகராறு வந்ததும், நான்கு வருஷம் சேர்த்த வாடிக்கையாளர்கள் இருந்த பக்கத்துக்குள் அவளால் நுழைய முடியவில்லை. புதுப் பக்கம் தொடங்கி, ஒவ்வொருவராக ஃபோன் போட்டு, "பழைய பக்கம் நான் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பீர்களா? இதுவும் கல்லாப்பெட்டிதான்.

"விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்துகிறேன். இதில் ரீல்ஸ் எப்போது போடுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், ஆன்லைனிலேயே முழு வியாபாரமும் செய்கிறவர்கள், தினம் நூற்றுக்கணக்கில் ஆர்டர் பார்க்கிறவர்கள் கட்டாயம் ஆள் வைக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு நான் தினமும் ரீல்ஸ் போடச் சொல்லவில்லை. நீங்கள் ஆட வேண்டாம், பாட வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். கடைக்கென்று ஒரு நம்பர் வைத்து, சரக்குப் பட்டியலை விலையோடு ஏற்றுங்கள். ராத்திரி கல்லா எண்ணி முடித்ததும் இருபது நிமிஷம் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

2. கூகுள் மேப்பில் கடைப் பக்கத்தை உங்கள் பெயரில் எடுங்கள். அதுவும் இலவசம். திறக்கும் நேரம், ஃபோன் நம்பர் சரியாக இருக்கட்டும். குறை எழுதினவருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

3. வாரத்துக்கு இரண்டு படம் போதும். பாகு காய்ச்சுவது, புதுக் கடலை வந்து இறங்குவது. ஃபோனில் எடுத்தது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அது உங்கள் கடை.

4. தீபாவளி, பொங்கலுக்கு நல்ல படம், விளம்பரம் வேண்டுமென்றால் வேலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள். பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு வேலைக்கான அனுமதி மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள்.

5. வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் அவளைக் கணக்குப் பிள்ளையாக்குங்கள். சும்மா வேண்டாம், சம்பளம் கொடுங்கள்.

ஏஜென்சி நடத்தும் என் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கோபப்படுவீர்கள் என்று தெரியும். உங்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. படத்துக்கும் எடிட்டிங்குக்கும் நல்ல கூலி கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள். ஆனால் சின்னக் கடைக்காரரிடம் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவையாவது அந்தக் கடையில் போய் நின்று, என்ன விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவோம் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். அப்படிச் செய்கிற ஆள் யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைகளுக்கு நானே உங்கள் பெயரைச் சொல்லி அனுப்புகிறேன்.

ஏற்கெனவே பேக்கேஜில் இருப்பவர்கள் இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைப் பக்கத்தில் முழுக் கட்டுப்பாடு யார் பெயரில் இருக்கிறது என்று திறந்து பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், நாளைக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அந்த ஃபோனைப் போடுங்கள்.