பாலத்தின் காலடியில் பறிபோகும் மணல்

பாலம் விழுந்தாற் பழியை வெள்ளத்தின்மேற் போடுவது அதிகாரிகளின் வழக்கம். வெள்ளம் நீதிமன்றத்துக்கு வந்து மறுமொழி கூறாதன்றோ!

போர்த்துக்கலில் டூரோ ஆற்றின் குறுக்கே நின்ற இன்ட்சே ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 ஆம் நாள் இரவு இடிந்தது. பேருந்தொன்றும் மூன்று கார்களும் ஆற்றுள் வீழ்ந்தன. 59 பேர் மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலம் அது. ஆயினும் அதனைக் கொன்றது முதுமையன்று. ஆண்டுக்கணக்காக மணல் அகழப்பட்டு ஆற்றுப்படுக்கை தாழ்ந்திருந்தது. அம்மாரியின் தொடர்வெள்ளங்கள் தூணொன்றின் அத்திவாரத்தடியில் எஞ்சியிருந்த மண்ணையும் அரித்துச் சென்றன. பொறுப்பான அமைச்சர் ஜோர்ஜே கொயேலோ உடனே பதவி துறந்தார். எமது நாட்டு அமைச்சர்களிடம் அந்த நாகரிகத்தை நாம் எதிர்பார்க்கவில்லை. அது வேறு கதை.

மதகடியிற் குழி விழுவதைக் கண்ட கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியைச் சுற்றிச் சுழித்துத் தோண்டுகிறது. வெள்ளம் வடிகையில் குழி தளர்ந்த மண்ணால் நிரம்பிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு யாவும் நலமாகவே தோன்றும்.

பாலத்தைப் பெயர்க்காமலே அடிமண்ணை வலுப்படுத்தும் முறைகளைப் பொறியியலாளர் கையாளுகின்றனர். துளையிட்டு, சீமெந்துக் கூழை மிகுந்த அழுத்தத்துடன் பீச்சி, மண்ணோடு கலந்து கல்போல் இறுகச் செய்வது அவற்றுள் ஒன்று. நல்ல முறைதான். ஆயின் அவ்விறுகிய மண் வெள்ளம் தோண்டக்கூடிய ஆழத்துக்கும் கீழே செல்லவேண்டும். இல்லையேல் அதன் அடியும் அரிபடும். படுக்கைக்கு மேலே துருத்தி நின்றாலோ சுழி மேலும் வலுக்கும். இவ்வாண்டு அளந்து கணித்த ஆழத்தை அடுத்த ஆண்டு மணல் லொறிகள் பொய்யாக்குமாயின், பொறியியலாளர் என் செய்வார்?

இங்கேதான் சட்டம் தலையிடவேண்டும். இலங்கையில் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மணல் அகழ அனுமதி அளிப்பது ஒரு பணியகம். பெருந்தெருப் பாலங்களைக் காப்பது வேறொரு அதிகார சபை. பாலம் வீழ்ந்தபின் ஒருவர் மற்றவரைச் சுட்டுவர். நெல் மூட்டைகள் அக்கரையிற் கிடக்கும். ஆகவே நாம் கேட்பது இது: ஒவ்வொரு மணல் அனுமதியிலும் அண்மைப் பாலத்தடியின் படுக்கைமட்டம் எழுதப்படல் வேண்டும். மாரிக்கு முன்னும் பின்னும் அது அளக்கப்பட்டு, பிரதேச செயலகத்தில் யாவரும் காண ஒட்டப்படல் வேண்டும். குறித்த மட்டத்துக்குக் கீழே படுக்கை தாழுமாயின், அனுமதி அன்றே இரத்தாதல் வேண்டும். அளப்பதற்குப் பணமில்லை என்று எவரும் சொல்லவேண்டாம். தொடக்கத்துக்கு ஓர் ஓடமும் ஈயக்குண்டு கட்டிய கயிறும் போதும்.