கூலி ஏறியதாலா விலை ஏறியது?

விருதுநகர் மாவட்டத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், விலைவாசிப் பேச்சு வந்துவிட்டால் இந்த வாக்கியம் வராமல் போகாது: "கூலியை ஏத்திக்கிட்டே போறாங்க, பெறகு சாமான் விலை ஏறாம என்ன செய்யும்?" சொல்பவர் மளிகைக்கடைக்காரராக இருக்கலாம், மானாவாரிக் காட்டுக்காரராக இருக்கலாம், ரிட்டயர்டான வாத்தியாராக இருக்கலாம். பக்கத்துப் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருக்கும் வெடி ஆபீஸ் தொழிலாளியும் சேர்ந்து தலையாட்டுவார். எனக்கு ஆத்திரம் வருவது அந்தத் தலையாட்டலில்தான். ஊர் விலைவாசிக்குத் தன் கூலிதான் காரணம் என்று கூலிக்காரரே நம்புகிற அளவுக்கு இந்தக் கதை ஊறிப்போயிருக்கிறது. நூறு நாள் வேலை வந்ததும் கதைக்கு ஒரு வாலும் முளைத்தது: "அது வந்ததுல இருந்துதான் ஆளும் கிடைக்கல, கூலியும் ஏறிப்போச்சு, எல்லாமே ஏறிப்போச்சு."

இந்தக் கதைக்கு எதிரான சாட்சி இந்தப் பக்கத்தில் செய்யப்பட்டு, நாடு முழுக்க அடுப்படி மேடைகளில் கிடக்கிறது. தீப்பெட்டி.

1995இல் 25 பைசாவிலிருந்து 50 பைசா ஆனது. 2007இல் ஒரு ரூபாய். அதற்குப் பிறகு 14 வருஷம் விலை அசையவில்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி என்ன ஆனது? 2008இல் 80 ரூபாய். 2021இல் 273 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். கூலிதான் விலையை ஏற்றுகிறது என்பது விதியானால், ஆள் பஞ்சம் பற்றி அதிகம் புலம்பிய இந்தத் தொழிலில் அந்த ஒற்றை ரூபாய் எப்போதோ பறந்திருக்க வேண்டாமா? பறக்கவில்லை.

2021இல் சிவகாசியில் கூடிய உற்பத்தியாளர் சங்கங்கள் டிசம்பர் 1 முதல் பெட்டி இரண்டு ரூபாய் என்று முடிவெடுத்தன. அப்போது அவர்களே சொன்ன கணக்கைப் பாருங்கள். கிலோ 425 ரூபாய்க்கு வாங்கிய சிவப்பு பாஸ்பரஸ் 810 ஆகிவிட்டது. மெழுகு 58லிருந்து 80. வெளிப்பெட்டி அட்டை 36லிருந்து 55. உள்பெட்டி அட்டை 32லிருந்து 58. இதற்கு மேல் டீசல். விலையைத் தூக்கியது இந்தப் பட்டியல். கூலியும் அந்தப் பேச்சில் வந்தது, ஆனால் வேறு இடத்தில்: பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே சம்பளம் பரவாயில்லை; பெட்டி விலை ஏறினால் நாமும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து ஆளை நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். விலை முன்னால் போனது. கூலி, ஏறுவதாக இருந்தால், அதன் பின்னால்தான் வரவேண்டியிருந்தது.

அந்த ஒரு ரூபாய்ப் பெட்டியிலும் ஒரு சூது உண்டு. 36 குச்சி இருந்த பெட்டியில் இனி 50 குச்சி இருக்கும் என்று விலையேற்றத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். குச்சிக் கணக்கில் பார்த்தால் 2.8 பைசா 4 பைசா ஆனது. இரண்டு மடங்கு அல்ல, 44 சதவீத ஏற்றம். அதாவது 'விலையே ஏறவில்லை' என்று நாம் நம்பியிருந்த காலத்தில் ஒரு ரூபாய்க்கு 36 குச்சிதான் வாங்கிக்கொண்டிருந்தோம். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தவர் யார்?

தீப்பெட்டியை விடுங்கள். விருதுநகர் என்றாலே எண்ணெயும் பருப்பும் வத்தலும் மல்லியும்தான். இங்கே 15 கிலோ டின் என்ன விலைக்குப் போனது என்பது பத்திரிகைகளில் 'மார்க்கெட் நிலவரம்' என்று அச்சாகும் செய்தி. அந்த டின் விலையைக் கிழக்கே பருத்திக் காட்டில் களை எடுக்கும் பெண்ணா ஏற்றினாள்? நாடு தின்னும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் எகிறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதம் மறுபடி திறந்தது. அந்தச் சில வாரங்களில் கடைக்குக் கடை விலை மாறியது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு எண்ணெய் இறக்குமதி வரியை ஒரே அடியாக 20 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதுவும் டின் விலையில்தான் வந்து விழுந்தது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதற்குக் காரணம் வடக்கே மழை பொய்த்ததும், சரக்கைப் பதுக்கியதும். இத்தனைக்கும் நடுவில் கூலிக்காரர் எங்கே இருந்தார்? வரிசையில், விலை கேட்டுவிட்டு அரைக் கிலோவைக் கால் கிலோவாக மாற்றிக்கொண்டு.

கூலி விலையை ஏற்றவே ஏற்றாது என்று நான் வாதாட வரவில்லை. முடிவெட்டுவது, கொத்தனார் வேலை, ஹோட்டல் தோசை போன்றவற்றில் கூலி ஏறினால் விலையும் ஏறும். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கிராமத்துக் கூலியும் உணவு விலையும் சேர்ந்தே ஏறின; அப்போது ரிசர்வ் வங்கி வட்டாரத்திலும் இந்த விவாதம் நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில்தான் வறுமையும் வேகமாகக் குறைந்தது. டெண்டுல்கர் கோட்டின்படி 2004-05இல் 37.2 சதவீதமாக இருந்தது 2011-12இல் 21.9 சதவீதமானது. விலை ஏறிய காலத்தில் ஏழைகள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். காரணம், கூலி விலையை முந்தியது. இதற்கு நேர் எதிராக, 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தக் குறியீட்டெண் தொடரில் அவ்வளவு தாழ்வான எண் அதற்கு முன் வந்ததில்லை. அந்த மாதம் சிவகாசியில் யார் வீட்டிலாவது கையில் மிச்சம் நின்றதாக நான் கேள்விப்படவில்லை. விலைவாசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வாழ்கிறதா, தாழ்கிறதா என்று சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் கூலியை வைத்துப் பார்க்க வேண்டும். டீக்கடைக் கதை நம்மைப் பார்க்கவிடாமல் செய்வது இதைத்தான்.

பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு விலைவாசி எப்படி வந்து சேர்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற அக்காவுக்கு குரோஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. தினம் 500 ரூபாய்க்குச் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6 சதவீதம் விலை ஏறி, ரேட் மூன்று வருஷம் அப்படியே நின்றால், அந்த 500 முன்பு 420 ரூபாய் வாங்கியதைத்தான் வாங்கும். மாதச் சம்பளக்காரராக இருந்தால் புலம்புவார். இந்த அக்கா இன்னும் ஒரு மணி நேரம் கூட உட்காருகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் ஒரு கை போடுகிறது. கைக்கு வந்த ரூபாய் குறையவில்லை, கணக்கில் நஷ்டம் தெரியவில்லை. ராத்திரித் தூக்கத்திலிருந்தும் இடுப்பு வலியிலிருந்தும் அந்த 80 ரூபாய் கட்டப்படுகிறது.

குழாய் வெறும் காகிதம். மருந்து செலுத்துகிற அறையில் இதே கூடுதல் வேகம் வேறு விலை கேட்கும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று வெடி விபத்தின் தேதியோடு நமக்கு மனப்பாடமான ஊர்கள் இருக்கின்றன. அந்த விபத்துகளுக்கு விலைவாசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள், உள்குத்தகை என்று காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'தொழிலாளர்கள் அவசரப்படக் கூடாது' என்று புத்தி சொல்கிறவர்கள், அவசரப்பட்டால்தான் வாரக் கூலி தேறும் என்கிற ரேட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பட்டாசில் 'கூலி ஏறினால் சரக்கு விற்காது' என்கிற வாதம் கேட்க வேடிக்கையாகவே இருக்கிறது. கிஃப்ட் பாக்ஸ் மேல் ஒரு விலை அச்சடித்துவிட்டு, அதில் 80 சதவீதம் தள்ளுபடி என்று பேனர் கட்டி விற்கிற ஊர் இது. அச்சிட்ட விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் லாரியே போகிற அளவுக்கு இடம் இருக்கிறது. கூலியில் ஐந்து ரூபாய் கூட்ட மட்டும் இடமில்லையாம்.

இந்தக் கதை நம் ஊர்ச் சரக்கும் அல்ல. 1865இல் லண்டனில் ஜான் வெஸ்டன் என்பவர், கூலி உயர்வு கேட்டுப் போராடுவது வீண், விலை ஏறி அதைத் தின்றுவிடும் என்று தொழிலாளர் அகிலத்தின் கூட்டத்திலேயே வாதிட்டார். இவரும் தொழிலாளர் பக்கத்து ஆள்தான், நம் பெஞ்சுக்காரரைப் போல. அதற்குப் பதிலாகக் கார்ல் மார்க்ஸ் பேசியதுதான் பின்னால் 'கூலி, விலை, லாபம்' என்ற சிறு நூலானது. மார்க்ஸ் வேண்டாம் என்பவர்களுக்கு ஐ.எம்.எஃப். இருக்கிறது. 1960களில் இருந்து வளர்ந்த நாடுகளில் கூலியும் விலையும் சேர்ந்து ஏறிய 79 சந்தர்ப்பங்களை 2022இல் அதன் ஆய்வாளர்கள் பரிசீலித்தார்கள். ஒன்றையொன்று துரத்திக் கட்டுக்கடங்காமல் போனவை சிலவே என்றுதான் அவர்களும் முடிவுக்கு வந்தார்கள்.

விலை ஏறும்போது சம்பளம் தானாக ஏறுகிற ஏற்பாடு நம் நாட்டில் இல்லாமலில்லை. அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி திருத்தப்படுகிறது. 2025 ஜூலைக் கணக்கில் அது 58 சதவீதம். அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை, எனக்கு அதில் பொறாமை இல்லை. 58 சதவீதம் அகவிலைப்படியால் நாட்டில் விலைவாசி ஏறிவிட்டது என்று எந்த டீக்கடையிலும் நான் கேட்டதில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். விலைக்கு ஏற்ப ஏறினால் ஒருவருக்கு அது நிவாரணம், இன்னொருவருக்கு அது குற்றம்.

ரேஷனில் 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கும் அரிசி இந்தக் குடும்பங்களை விலைவாசியிலிருந்து உண்மையாகவே காப்பாற்றுகிறது. வெளியில் அரிசி என்ன விலை விற்றாலும் 20 கிலோ 20 கிலோதான். 2023 செப்டம்பரில் 1000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு அந்தப் பலம் கிடையாது. அதே ஆயிரம் வருஷா வருஷம் கொஞ்சம் இளைக்கும். பீஸ் ரேட்டும் அப்படித்தான் இளைக்கிறது.

எனவே பட்டாசு முதலாளிகளே, தீபாவளி முடிந்து, பூஜை போட்டு ஆபீஸைத் திறக்கும்போது ஒன்று செய்யுங்கள். குரோஸுக்கு என்ன ரேட், கடைசியாக எந்த வருஷம் அது ஏறியது என்று கேட் பக்கத்தில் ஒரு போர்டில் எழுதி வையுங்கள். விலைவாசிக் குறியீட்டெண் ஏறுகிற கணக்கில் அந்த ரேட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏறட்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் பேசும் மேஜையிலேயே இதையும் வைக்கட்டும். தொழிலாளர் துறை அந்தப் போர்டைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிகளே, அடுத்த தடவை "கூலி ஏறிப்போச்சு" என்று தொடங்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் ரேட் என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.